‘ஓடுது சரி, எங்க ஓடுது?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி படித்தேன். கட்டணம் கட்டும் இணையதளம் ஒன்று கடைசி நாளில் காலை முதல் மதியம் வரை வேலை செய்யவில்லை, மக்கள் அலைந்தார்கள் என்பது செய்தி. ‘சர்வர்கள் அனைத்தும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன’ என்று அதன் கடைசி வரியில் பொறுப்பாளர் தரப்பு விளக்கமும் இருந்தது. மறுநாள் இதே பகுதியில் ஒரு வாசகர் இது பச்சைப் பொய் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சர்வர் ஓடியதும் உண்மையாக இருக்கலாம், ஒருவராலும் பணம் கட்ட முடியாமல் போனதும் உண்மையாக இருக்கலாம். அதே வரியை நானும் ஒரு தரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் காரைக்குடி, செக்காலைப் பக்கம். இங்கேயே பொறியியல் படித்துவிட்டு, பதினொரு வருடம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி என்று முப்பது சொச்சம் பலகாரக் கடைகளுக்குப் பொதுவாக ஓர் ஆர்டர் தளம் இருக்கிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் அதில் வெளியூருக்குப் போகும். அந்தத் தளத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மொத்தம் எட்டுப் பேர்தான் நாங்கள். ராத்திரி எது நின்றாலும் முதலில் அடிப்பது என் போன்தான்.

இரண்டு வருடம் முன்பு, தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. காலை பத்து மணிக்குக் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார்.

“தம்பி, விடிஞ்சதுலேருந்து ஒரு ஆர்டரும் வரலையே. மாவு இடிச்சு வச்சுக்கிட்டு ஆளுக எல்லாம் சும்மா உக்காந்திருக்காக. உங்க மிஷினு ஓடுதா?”

போனை காதில் வைத்தபடியே லேப்டாப்பைத் திறந்தேன். நான்கு கன்டெய்னர்கள், அதாவது எங்கள் நிரல் ஓடும் தனித்தனிப் பெட்டிகள். நான்கும் பச்சை. ‘ஹெல்தி, ஹெல்தி, ஹெல்தி, ஹெல்தி.’

“எல்லாம் நல்லா ஓடுது ஆச்சி.”

“ஓடுது சரி, எங்க ஓடுது?” என்றார்.

தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்தது. மாவுருண்டைப் படம், விலை, எல்லாம் இருந்தது. ‘ஆர்டர் செய்’ என்பதைத் தட்டினால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகாலை ஐந்தரையிலிருந்தே அப்படித்தான் சுற்றியிருக்கிறது என்பது பிறகு பதிவுகளைப் பார்த்துத் தெரிந்தது. நாலரை மணி நேரம், தீபாவளி சீசனில்.

என்ன நடந்தது என்று சொல்லுமுன், இந்த ஏற்பாடே தெரியாத வாசகருக்காகக் கொஞ்சம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் ஒருவர் வாசலில் நிற்பார் அல்லவா? எந்த வரிசையில் இலை போட்டாச்சு, எங்கே தண்ணீர் வைத்தாச்சு என்று பார்த்து ஆட்களை உள்ளே அனுப்புவார். லோடு பேலன்சர் செய்வது அந்த வேலைதான். ஒரே நிரலின் நான்கு நகல்களை நான்கு கன்டெய்னர்களில் ஓட விடுவோம். வருகிறவரை எந்த நகலிடம் அனுப்புவது என்று லோடு பேலன்சர் முடிவு செய்யும். அதற்காக ஒவ்வொரு நகலிடமும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெயர் ஹெல்த் செக். 200 என்ற எண் பதிலாக வந்தால் நலம். 503 வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்த வரிசைக்கு ஆள் அனுப்பாது.

கேள்வி எது என்பதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதவில்லை. அமேசானின் கிளவுட் சேவையில் வரும் லோடு பேலன்சரில் எதுவும் எழுதாமல் விட்டால், அது முகப்புப் பக்கத்தைக் கேட்கும். 30 வினாடிக்கு ஒரு தரம், ‘முகப்பைக் காட்டு’. எங்கள் முகப்போ முன்பே தயார் செய்து வைத்த பக்கம். கன்டெய்னருக்குள் முன்னால் உட்கார்ந்திருக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதை எடுத்து நீட்டிவிடும். பின்னால் இருக்கும் ஜாவா நிரலுக்கு, கேள்வி வந்ததே தெரியாது. செட்டிநாட்டு வீட்டுக்காரனான எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். முகப்பில் விளக்கு எரிந்தால் நாலாங்கட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தமா? அந்த அடுப்புதான் அன்று அணைந்திருந்தது. பணம் செலுத்தும் பக்கம் பதில் சொல்லாமல் பாதியில் நின்றால், ஆர்டர்களைப் பதிந்து வைக்கும் டேட்டாபேஸிலிருந்து வாங்கிய இணைப்பை எங்கள் நிரல் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு பிழை இருந்தது. ஒரு கன்டெய்னருக்கு இருபது இணைப்பு. ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் கசிந்து, விடியும்போது நான்கிலும் இருபதும் காலி. ஆர்டர் கொடுக்க வந்தவர் இருபத்தொன்றாவது இணைப்புக்காகக் காத்திருந்தார்.

நான்கையும் ரீஸ்டார்ட் செய்தேன், சரியாயிற்று. ஆச்சிக்கு அன்று போன ஆர்டரை நான் எங்கிருந்து கொடுப்பது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கன்டெய்னர் கோப்பில், கன்டெய்னர்களை உருவாக்கும் டாக்கர் என்ற கருவிக்கான ‘ஹெல்த்செக்’ வரி ஒன்று நெடுநாளாகவே இருந்தது. முன்னாளில் யாரோ அக்கறையாக எழுதி வைத்தது. அதை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன். 2016-இல் டாக்கரில் வந்த வசதி அது. ஆனால் எங்கள் கன்டெய்னர்களை ஓட்டுவது குபர்னெட்டிஸ் என்ற வேறொரு மென்பொருள். அது அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, தனக்கென்று எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் பார்க்கும். போன வருடக் காலண்டர் சுவரில் தொங்குகிற மாதிரி அந்த வரி தொங்கிக்கொண்டிருந்தது.

சூடு கண்டவன் என்ன செய்வேன்? அன்று மாலையே புதிய ஹெல்த் செக் எழுதினேன். கேள்வி வந்தால் ஜாவா நிரலே பதில் சொல்ல வேண்டும், சும்மா சொல்லக் கூடாது, டேட்டாபேஸிடம் ஒரு வரி கேட்டு வாங்கிய பிறகுதான் 200 சொல்ல வேண்டும். பெருமையாக இருந்தது. அதே முகவரியை லோடு பேலன்சருக்கும் கொடுத்தேன், குபர்னெட்டிஸின் இரண்டு கேள்விகளுக்கும் கொடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனங்களில் இதற்கு நல்ல இடம் உண்டு.

குபர்னெட்டிஸ் இரண்டு தனித்தனிக் கேள்விகள் வைத்திருப்பது சும்மா இல்லை. ஒன்று லைவ்னெஸ், ‘உயிர் இருக்கிறதா?’ இதற்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கன்டெய்னரை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும். இன்னொன்று ரெடினெஸ், ‘இப்போது ஆள் அனுப்பலாமா?’ இதற்கு இல்லை என்றால் கொல்லாது, ஆள் அனுப்புவதை மட்டும் நிறுத்தும். பரிமாறுகிறவர் குழம்பு வாளி காலியாகி உள்ளே போயிருக்கிறார் என்றால் அந்த வரிசைக்கு ஆளை விடாமல் இருந்தால் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூட்டி வர வேண்டியதில்லை. நான் இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலைக் கட்டி வைத்தேன்.

பத்து நாள் கழித்து, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால், எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் மொத்த சீசனுக்கும் ஓர் அறிக்கை எடுக்கப் பொத்தானை அழுத்தினார். டேட்டாபேஸ் மெதுவானது. சாகவில்லை, மெதுவானது, அவ்வளவுதான். சாதாரணமாகக் கண் இமைப்பதற்குள் வரும் பதில் இரண்டு மூன்று வினாடி எடுத்தது. ஆர்டர் கொடுப்பவர்கள் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் குபர்னெட்டிஸ் எதுவும் சொல்லாமல் விட்டால் பதிலுக்கு 1 வினாடிதான் காத்திருக்கும். 10 வினாடிக்கு ஒரு தரம் கேட்கும். தொடர்ந்து 3 தரம் தவறினால் தீர்ப்பு. அரை நிமிடத்துக்குள் நான்கு கன்டெய்னர்களுக்கும் ஒரே நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது. டேட்டாபேஸ் ஒன்றுதானே, அது தும்மினால் நான்கு பேருக்கும் சளி பிடித்ததாகக் கணக்கு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஜாவா நிரல் எழுந்து உட்காரவே முக்கால் நிமிடம் எடுக்கும். நான் பாதுகாப்பாக 60 வினாடி அவகாசம் கொடுத்திருந்தேன். நான்கும் ஒன்றாக எழுந்து, ஆளுக்கு இருபது என்று எண்பது இணைப்பை ஒரே மூச்சில் டேட்டாபேஸிடம் கேட்டபோது, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அது இன்னும் மெதுவானது. நிரல் எழ நூறு வினாடிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் 60 முடிந்து, மூன்று கேள்வியும் தவறி, எழுவதற்கு முன்பே மறுபடி கொன்றது. மறுபடி எழுந்தது. மறுபடி கொன்றது. இப்படிச் சாகும் கன்டெய்னரை உடனே கிளப்பாமல் 10 வினாடி, 20, 40 என்று இரட்டிப்பாக்கி, 5 நிமிடம் வரை தாமதித்துக்கொண்டே போவது குபர்னெட்டிஸின் வழக்கம். அதனால் அறிக்கை முடிந்து டேட்டாபேஸ் இயல்புக்கு வந்த பிறகும் எங்கள் கடை பூட்டியே கிடந்தது. ஒரு நோயும் இல்லாத நான்கு பேரை, நலம் விசாரிக்கிறேன் என்று நானே படுக்கையில் தள்ளினேன்.

முதல் முறை முப்பது கடைக்காரர்களில் ஆச்சி ஒருவர்தான் கூப்பிட்டார். இந்த முறை எல்லாரும் கூப்பிட்டார்கள்.

அன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். இந்த வேலையில் இருக்கும் தம்பிமார் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடும் என்பதால், இப்போது எங்களிடம் இருப்பதை அப்படியே சொல்கிறேன். உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு நிரல் தன்னைத் தவிர வேறு யாரையும் கேட்காமல் பதில் சொல்லும். டேட்டாபேஸ் கிடையாது, பணம் செலுத்தும் பக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஜாவா விழித்திருந்தால் 200. ஏனென்றால் அதற்குத் தண்டனை ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தால் தீரும் கோளாறைத் தவிர வேறு எதையும் அந்தக் கேள்வியில் சேர்ப்பதில்லை. எழுந்திருக்கும் நேரத்துக்கென்று ஸ்டார்ட்அப் என்று மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. குபர்னெட்டிஸின் 1.20 பதிப்பில், 2020 டிசம்பரில், அது நிலைபெற்றது. அதில் 10 வினாடிக்கு ஒரு தரம், 30 தரம் வரை என்று வைத்திருக்கிறேன். 5 நிமிடம் அவகாசம். அதற்குமுன் எழுந்துவிட்டால் உடனே அடுத்த கட்டத்துக்குப் போகும், அதனால் தாராளமாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை. என் பழைய 60 வினாடியைத் தூக்கிப் போட்டேன்.

ரெடினெஸ்தான் நிறைய யோசிக்க வைத்தது. அதில் டேட்டாபேஸைச் சேர்க்கலாமா என்று சென்னை நண்பர்களோடு இன்றும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. நான்கு பேருக்கும் பொதுவான ஒன்று கெட்டால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் ‘வேண்டாம், ஆள் அனுப்பாதே’ என்று சொல்வார்கள், ஆள் அனுப்பும் பட்டியலே காலியாகும், வருகிறவருக்கு மொட்டை 503தான் மிஞ்சும். விலைப்பட்டியலையும் கடையின் போன் நம்பரையுமாவது காட்டியிருக்கலாமே, அதுவும் போயிற்று. ஆகவே ஒரு கன்டெய்னருக்கு மட்டும் வரக்கூடிய கோளாறை மட்டும் அதில் வைத்தேன். எங்களுக்கு அது அந்தப் பழைய இணைப்புக் கசிவு. வாங்கிய இணைப்பு 2 நிமிடத்துக்கு மேல் திரும்பாமல் கிடக்கிறதா என்று பார்க்கும். டேட்டாபேஸ் மெதுவானால், அதனிடம் எங்கள் நிரல் கேட்கும் கேள்விகள் 30 வினாடியில் தாமாகவே விட்டுவிடும்படி இருப்பதால், 2 நிமிடம் கிடந்தால் அது கசிவுதான். டேட்டாபேஸ் நலத்தைத் தனியாகக் கண்காணித்து என் போனை அலற விடுகிறோம். எழுந்து பார்க்க வேண்டியது நான், கன்டெய்னர் அல்ல.

அமேசானின் லோடு பேலன்சர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவெடுக்க 2 தரம் தவற வேண்டும், தேறிவிட்டார் என்று ஒத்துக்கொள்ள 5 தரம் சரியாக வர வேண்டும். 30 வினாடி இடைவெளியில் கணக்குப் போட்டால், கெட்டவரிடம் ஒரு நிமிடம் வரை ஆள் போய்க்கொண்டிருக்கும், நல்லவர் திரும்பிவர இரண்டரை நிமிடம் ஆகும். இடைவெளியை 10 வினாடியாகவும், 5-ஐ 2-ஆகவும் குறைத்தேன். இன்னொரு வம்பு: கேள்வி கேட்கும் முகவரி லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் குபர்னெட்டிஸ் அதையும் நலம் என்றே எடுத்துக்கொள்ளும். 200 முதல் 399 வரை அதற்குச் சம்மதம். லோடு பேலன்சரோ, மாற்றிச் சொல்லாதவரை, 200 தவிர எதையும் ஏற்காது. ஒரே கன்டெய்னரை இவர் நல்லவர் என்பார், அவர் கெட்டவர் என்பார், நடுவில் நாம் முழிப்போம். ஹெல்த் செக் முகவரிக்கு லாகின் கூடாது என்பதை இப்படித்தான் கற்றேன்.

போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். புதிய பதிப்பு ஏற்றும் ஒவ்வொரு தரமும் நாலைந்து பேருக்கு 502 என்ற பிழை வந்துகொண்டிருந்தது. பழைய கன்டெய்னரை நிறுத்தச் சொல்லும் கட்டளையும், அதைப் பட்டியலிலிருந்து நீக்கும் வேலையும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. நீக்கிய செய்தி லோடு பேலன்சருக்குப் போய்ச் சேருவதற்குள் எங்கள் நிரல் கடையைச் சாத்திவிடும். இப்போது நிறுத்தக் கட்டளை வருமுன் 15 வினாடி சும்மா காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லாதவரை குபர்னெட்டிஸ் மொத்தமாக 30 வினாடிதான் தரும், அதற்குள் கையிலிருக்கும் ஆர்டரை முடித்துவிட்டுப் போகும். பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை இலையை எடுக்க மாட்டோம் அல்லவா, அதேதான்.

இத்தனை பெரிய ஏற்பாடு எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. தேவகோட்டையில் ஒரு மருமகன் முறை, இரண்டே சர்வரும் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸுமாக ஒரு சின்னத் தளம் நடத்துகிறான். இலவச என்ஜின்எக்ஸ் தானாகப் போய்க் கேட்காது. உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் அடிபட்ட பிறகுதான் அந்தச் சர்வரை 10 வினாடி ஒதுக்கி வைக்கும். முன்கூட்டியே கேட்க வேண்டுமென்றால் ஹெச்ஏபிராக்ஸி என்ற லோடு பேலன்சரைப் போடு என்றேன். 2 வினாடிக்கு ஒரு தரம் கேட்கும், 3 தரம் தவறினால் ஒதுக்கும், 2 தரம் சரியானால் சேர்த்துக்கொள்ளும். காசும் கிடையாது. போட்டானா என்று இந்தப் பொங்கலுக்கு வரும்போது கேட்க வேண்டும்.

இப்போது தங்கள் செய்திக்கு வருகிறேன். அந்தத் தளத்தில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை, அதன் உள்விவரம் எனக்குத் தெரியாது. அடுத்த முறை ‘சர்வர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது’ என்று யாராவது விளக்கம் கொடுத்தால், தங்கள் நிருபர் அதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் ஒன்று கேட்கட்டும்: ‘இயங்குகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கடைசியாக ஒருவர் வெற்றிகரமாகப் பணம் கட்டியது எத்தனை மணிக்கு?’ இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

நாங்களும் அதற்கொரு வழி செய்தோம். 5 நிமிடத்துக்கு ஒரு தரம், வெளியிலிருந்து ஒரு சிறு நிரல் நிஜ வாடிக்கையாளர் மாதிரியே வந்து, கால் கிலோ மாவுருண்டையைக் கூடையில் போட்டு, ஆர்டர் வரை போய், ரத்து செய்துவிட்டுப் போகும். முதல் நாள் ரத்து செய்யும் பகுதியை எழுத மறந்துவிட்டேன். மறுநாள் காலை பள்ளத்தூர்க் கடையிலிருந்து கூப்பிட்டு, ‘சோதனை, செக்காலை’ என்ற விலாசத்துக்குப் பன்னிரண்டு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம், அனுப்பவா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு வாரம் மாவுருண்டைதான்.

கோட்டையூர் ஆச்சிக்கு இதையெல்லாம் நேரில் போய் விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார், காபி கொடுத்தார். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குத் தன் போனிலிருந்து தன் கடைக்கே கால் கிலோ சீப்புச் சீடை ஆர்டர் போட்டு, வந்ததா என்று பார்த்துவிட்டு ரத்து செய்கிறார். ரத்தான ஆர்டர்களின் பட்டியலில் முதல் வரி எப்போதும் அவருடையதுதான். இன்று காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது.

கடிதம் நீண்டுவிட்டது. இடத்துக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம், ஆச்சியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
செக்காலை, காரைக்குடி.